இரண்டாவது மெய்ப்பு

வேதசாஸ்திரக் கல்லூரிக்காரர்கள் அச்சுக்குத் தந்த
யூத சட்ட வரலாறு, பாரம் பதினொன்று.
மை காயவில்லை.
முருகன்குறிச்சி பஸ் கிளப்பிய புழுதி
ஜன்னல் வழியே வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

ரைன் ஆற்றங்கரையில் ஓர் ஊர்.
ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அங்கே ஒரு ரபி
விதித்தாராம்:
ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டக் கூடாது.
அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது.
மீறினவனைச் சபை தள்ளி வைக்கும்.
(அவரே விதித்ததா, பின்னால் வந்தவர்கள்
அவர் பேரில் ஏற்றியதா என்று
அடிக்குறிப்பு ஏழு சந்தேகப்படுகிறது.
அது ஏழு இல்லை, எட்டு. திருத்தினேன்.)

அதற்கடுத்த வரியில் பேனா நின்றது.
"மனைவியின் சம்மதம் இல்லாமல்
அவளை விலக்கலாம்."

மூலப் பிரதியில் விலக்கலாகாது.
ஊய்க்காட்டான் அண்ணன் கோத்த வரி.
அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்,
சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும்,
ஈய எழுத்துக்குப் பசி தெரியாது, விரலுக்குத் தெரியும்.
ஆனாலும் பாருங்கள்,
ஆயிரம் வருஷம் வீட்டுக்குள் இருந்தவர்கள்
ஒரே ஒரு ம்-இல்
பாத்திரம் பண்டத்தோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

என் கைப்பையில் வேறொரு தாள்.
வக்கீல் ஆபீஸ் அனுப்பியது.
"பரஸ்பர சம்மதத்தின் பேரில்" என்று தொடங்குகிறது.
அவருக்குத் தூத்துக்குடியில் உப்பளக் கணக்கு;
அங்கேயே ஒரு வீடு, அதில் ஒருத்தி,
இப்போது தொட்டிலும் கட்டியாயிற்று.
போன வாரம் அச்சகத்துக்கே போன் போட்டார்.
மெஷின் சத்தம். அவர் பேசப் பேச
ம் என்றேன்.
கேட்கிறது என்பதற்கு ஒரு ம்.
லைன் அறுந்துபோகவில்லை என்பதற்கு ஒரு ம்.
அதைச் சம்மதம் என்று டைப் அடித்துவிட்டார்கள்.

கூட இருந்த காலத்தில்
எனக்கு வரும் இன்லண்ட் கடிதம் எல்லாம்
மூன்று பக்கமும் கிழிந்துதான் கைக்கு வரும்.
தபால்காரன் கை சரியில்லை என்பார்.
அம்பாசமுத்திரத்திலிருந்து தங்கச்சி
ஒருமுறை முதல் வரியிலேயே எழுதினாள்:
"அத்தான், சௌக்கியமா?
அக்காகிட்ட மறக்காமக் குடுத்துருங்க."
இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.
எனக்கோ அடுப்படியில் நின்று
சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் கடித மடிப்பின் மேல்
அந்த ரபியின் தடையைச் சுருக்கி
நாலைந்து எழுத்து எழுதுவார்களாம்.
அரக்கு இல்லை, பூட்டு இல்லை.
எத்தனை பேர் பயந்தார்களோ.
விளக்கை அருகே இழுத்து
மடிப்பின் இடுக்கில் எட்டிப் பார்த்தவன்
அங்கும் ஒருத்தன் இருந்திருப்பான்.

இன்னொன்றும் போட்டிருக்கிறது:
மூன்று தேசத்து ரபிகள் நூறு பேர்
கையெழுத்துப் போட்டால் தடை தளரும்.
நூறு பேர்! கழுதையிலும் படகிலும்
ஒரு தாள் ஊர் ஊராக அலைந்திருக்கும்.
இவருக்கு ஒரு கையெழுத்துப் போதும்.
என்னுடையது.

ம்-ஐச் சுழித்து வெட்டினேன்.
ஓரத்தில் எழுதினேன்: காது.
ஊய்க்காட்டான் அண்ணன் தாளைத் தூக்கிப் பார்த்தார்.
"காதா?"
"ஆமாண்ணே, காது விட்டுப்போச்சு."
"அட, ஆமா தாயி" என்று
கா இருக்கும் அறையைத் துழாவப் போனார்.

அப்புறம் வக்கீல் தாளை மேஜையில் விரித்தேன்.
பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போனது.
"பரஸ்பர" என்ற சொல்லைச் சுழித்தேன்.
ஜீவனாம்சம் என்ற இடத்தில் விட்டிருந்த வெற்றிடத்துக்கு
ஒரு கேள்விக்குறி.
கையெழுத்துக்கான கோட்டில் எழுதினேன்:
திருத்திய பின் மறு மெய்ப்பு தேவை.

உறையை ஒட்டினேன்.
மடிப்பின் மேல் எழுத
எனக்கு எந்த ரபியும் இல்லை.
என் பேரையே எழுதினேன், உலகம்மாள்.
அதிலும் ஒரு ம் இருக்கிறது.
அதன் அடியில் புள்ளி வைத்தேன்:
இருக்கட்டும்.