மனதில் ஒன்று

டாண்டினோங் தெற்கு, மூன்றாம் எண் கொட்டகை.
வெளியே நாற்பத்தொரு டிகிரி.
வடகாற்று தகரக் கதவை அறைந்துகொண்டே இருக்கிறது.
உள்ளே செத்த கணினிகளின் மூடியைத் திறக்கிறேன்,
மணிக்கு இருபத்தேழு டாலருக்கு.

திருகைக் கழற்று. விசிறி தனி, வட்டு தனி.
பலகை பச்சைத் தொட்டிக்கு.
நடுவிலிருக்கும் சில்லை நெம்பி எடு,
அதற்குத் தனி எடை.

இதில் ஒரு வேடிக்கை:
எவ்வளவு மந்தமாக ஓடியதோ அவ்வளவு விலை.
தொண்ணூறுகளின் பீங்கான் சில்லுக்கு
அடியில் பொன்முள் வரிசை; அதற்குப் பேரம் நடக்கும்.
நொடிக்குக் கோடிகோடியாய்க் கூட்டிய
போன வருடத்து ராட்சசனிடம்
பொன் இம்மியளவு. யாரும் சீந்துவதில்லை.

இன்று வந்த லாரி வாரன்பூல் பக்கத்தது,
மூடிய கம்பளிக் கிடங்கு ஒன்றின் சாமான்.
மேலே மடிக்கணினிகள். கீழே மஞ்சளேறிய மேசைக் கணினிகள்.
அதற்கும் கீழே துளையிட்ட அட்டைக் கட்டுகள்,
ரப்பர் வளையம் தொட்டதும் இற்று உதிர்ந்தது.
எந்தப் பெட்டியுடையதோ, கரி படிந்த ஒரு வெற்றிடக் குழாய்.
தோண்டத் தோண்டக் காலம் பின்னால் போனது.
அடியில், சாக்குச் சுற்றி, அது.

கறுப்பு இரும்பு. பக்கத்தில் ஒரு கைப்பிடி.
மின்கம்பி எங்கே என்று அகோல் சுற்றிச் சுற்றித் தேடினாள்.
இல்லை.
சின்னச் சாளரத்தில் ஓர் எண்:
307999.

யாரோ கடைசியாகக் கூட்டியது.
பொதிகளா, எடையா, ஆட்களின் கூலியா.
அவர் எழுந்து போனார், எண் எழுந்து போகவில்லை.
மின்சாரம் நின்றால் எல்லாவற்றையும் மறப்பவை கிடக்கும் என் மேசையில்
எழுபது வருடமாக விழித்திருக்கும் ஓர் எண்.

பள்ளியில் கூட்டும்போது சொல்வோமே:
எட்டும் ஏழும் பதினைந்து,
ஐந்து போட்டு, மனதில் ஒன்று.
அந்த ஒன்றை எங்கே வைப்பது?
இந்த லாரியில் வந்த கதை முழுக்க அவ்வளவுதான்.
மனதில் வைத்தார்கள்; பசி நேரத்தில் தவறியது.
பித்தளைப் பல்லில் வைத்தார்கள்,
அது பக்கத்துச் சக்கரத்தை இடித்துச் சொன்னது.
டக்கென்று ஒட்டி விலகும் காந்தத்தில்.
கண்ணாடிக்குள் சிவந்த கம்பியில்;
அது சுட்டது, அடிக்கடி செத்தது, கையுறையோடு மாற்றினார்கள்.
பிறகு மணலில்.
மணலை உருக்கி, இழைத்து, இம்மியை இம்மியாய் வகிர்ந்து
கண்ணுக்கு எட்டாத ஓரிடத்தில்
அதே ஒன்று,
அடுத்த வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறது.

"வேலை செய்யுமா?" என்றாள் அகோல்.
கடைசி நெம்புகோலை ஒன்றுக்கு இழுத்தேன்.
கைப்பிடியை ஒரு சுற்று.

கடக்.
ஒன்பது சாய்ந்து பக்கத்து ஒன்பதை இடிக்க,
அது அடுத்ததை.
308000.
எண்ணெய் காய்ந்த இரும்பு ஒருமுறை இருமியது.
அகோல் கைதட்டினாள். உடனே நிறுத்தினாள்:
"அவருடைய எண்ணை அழித்துவிட்டாயே."

எனக்கு நாக்கு உலர்ந்தது.
பின்பக்கமாக ஒரு சுற்று.
பூச்சியம் பூச்சியத்திடம் கடன் கேட்டது,
அதனிடமும் இல்லை, அது அடுத்ததிடம் போய் நின்றது.
எட்டு கொடுத்து ஏழானது.
307999.

திரும்பிவிட்டது. திரும்பியதுதானா?
ஒவ்வொரு பல்லும் இருந்த இடத்தில்.
ஆனால் இது அவர் விட்டுப்போனதல்ல இப்போது,
நான் வைத்தது.

மிலோராட் படிவத்தோடு வந்தான். எட்டிப் பார்த்து
"இரும்பு" என்றான்.
தராசில் ஏற்றினேன்: ஆறு கிலோ நானூற்றெண்பது.
எண்ணோடு சேர்த்தா, எண் இல்லாமலா?
தராசு சொல்லாது. படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

ஆறரை மணி, பிரின்சஸ் நெடுஞ்சாலை, சிவப்பு விளக்கு.
மூன்று லட்சத்து எட்டா... இல்லை,
ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.
பின்னாலிருந்து ஹாரன்.