ஜோடி

பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தின் ஓரம்
தார்ப்பாயை விலக்கியதும்
தரகர் திம்மராயன் முதலில் பார்த்தது சக்கரத்தை.
செருப்புக் காலால் ஒரு தட்டு.
போச்சம்பள்ளிச் சந்தையில் காளை பிடித்த கை
மூக்கைத் தடவி, வால்வரை போய்த் திரும்பியது.
"சுழி ஏதும் உண்டா?"

இல்லை என்றேன்.
சிங்கிள் ஓனர், பத்தொன்பது வருஷம்.
இடது எஞ்சின் நாலாயிரத்துச் சொச்சம் மணி நேரம்,
வலது அறுநூறு.
ராஜ்கோட்காரர் கண்ணாடியைக் கழற்றினார்:
"ஜோடியில் ஒன்று மட்டும் எப்படி இளசு?"

ஆடி மாதம். ஏறும்போது பருந்து.
லாக் புத்தகத்தில் அவ்வளவுதான்.
அந்தப் பதினொரு நிமிஷம்
மிச்சமிருந்த ஒன்றின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு
கீழே என் குவாரியைப் பார்த்தேன்.
பச்சைத் தண்ணீர் தேங்கிய சதுரக் குழி.
இவ்வளவா வெட்டினேன்?

துண்டுக்கடியில் விரல்கள் பேசின.
ஐந்தில் தொடங்கினேன்.
ஒவ்வொன்றாக மடக்கினார்.
மூன்றாவதில்
பேங்க் மேனேஜர் முகம் வந்தது,
விட்டுவிட்டேன்.

"ஓட்டிக்கொண்டு போவீர்களா?"
"லாரிதான். இறக்கையைக் கழற்றிவிடுவோம்.
எஞ்சினுக்கு ஆள் இருக்கிறது,
ஒன்று நாக்பூர், ஒன்று எங்கேயோ."

வெற்றிலைமேல் செக்கை வாங்கினேன்.
"மாட்டைக் கொடுத்தாலும்
கயிற்றைக் கொடுக்கக் கூடாது சார்"
என்றார் திம்மராயன், தன் கமிஷனை எண்ணியபடி.

இறக்கைகளைத் தரையோடு கட்டியிருந்த
நைலான் கயிறு இரண்டையும் அவிழ்த்தேன்.
வலது பக்க முடிச்சு இறுகிப் போயிருந்தது,
பல்லால் கடிக்க வேண்டியதாயிற்று.
மத்திகிரி தாண்டும்வரை
வாயில் மண்.