வாடை

"படத்தில் வாடை வருமா?"
தபாவா என்னிடம் கேட்ட முதல் கேள்வி.
வராது என்றேன்.
"அப்படியென்றால் எடுத்துக்கொள்.
முகம் மட்டும் வேண்டாம்."

ஜிண்டருக்கு வெளியே, மருத்துவமனை மதிலுக்குள்
பதினேழு பெண்கள் காத்திருக்கிறார்கள்.
டாக்டர் மாதம் ஒருமுறை வருவார்.
சென்ற மாதம் வரவில்லை.
கொடியில் துணி, மதிலில் துணி,
வேம்பின் தாழ்ந்த கிளையிலும் துணி.
பாலையிலிருந்து கிளம்பி வரும் வாடைக்காற்று
எல்லாவற்றையும் நொடியில் உலர்த்திவிடுகிறது,
இவர்களைத் தவிர.

மூன்று நாள் வலி.
நான்காம் நாள் கழுதை வண்டி.
வற்றிய ஆற்றின் மணலில் சக்கரம் புதைந்தபோது
குழந்தை அசைவதை நிறுத்தியதாம்.
அதற்குப் பிறகு ஆறு வருடம்
ஒழுகிக்கொண்டே இருந்தேன் என்றாள்,
தரையில் சிந்திய கம்பு மணிகளைப்
பொறுக்கியபடி. ஒவ்வொன்றாக.

இங்கே வரும் வழியில்
இரண்டு பேருந்துகள் அவளை இறக்கிவிட்டன.
இரண்டாவது, காசைத் திருப்பித் தராமல்.
"மீதியை நடந்துவிட்டேன்."
சந்தைக்குப் போய்வந்தவள்போலச் சொன்னாள்.

பாதங்களை எடுத்தேன். சரியில்லை.
வாசலில் விழுந்த நிழலை எடுத்தேன்.
ரொம்ப அழகாக இருந்தது,
அழித்துவிட்டேன்.
நியாமேயிலிருந்து பத்திரிகைக்காரர்
கேட்டுக்கொண்டே இருந்தார்: கண்ணீர் இருக்கிறதா?
சாதே வெங்காயம் நறுக்கும்போது ஒன்று எடுத்திருந்தேன்.
அதை அனுப்பலாமா என்று
ஓர் இரவு முழுக்க யோசித்தேன்.
எழுதவே கூசுகிறது.

சிகிச்சை முடிந்து பதினான்காம் நாள்
குழாயை எடுத்தார்கள்.
மறுநாள் விடியலில் தபாவா
விரிப்பை முகர்ந்தாள்.
திருப்பிப் போட்டு முகர்ந்தாள்.
"இது யாருடையது?" என்று
பக்கத்துக் கட்டிலை எழுப்பினாள்.

பக்கத்துக் கட்டில் சாதேயுடையது.
அவளுக்கு இது மூன்றாவது முறை.
அவள் விரிப்பு நனைந்திருந்தது.
இருவரும் சேர்ந்து அதை அலசினார்கள்,
ஒரு முனையை இவள் முறுக்க, மறுமுனையை அவள்.
நான் கேமராவைத் தொடவில்லை.

ஊர் திரும்பும் நாளில்
ஜன்னலோரம்தான் வேண்டுமென்று
கண்டக்டரிடம் சண்டை போட்டாள்.
ரெக்ஸின் கிழிந்த இருக்கை.
உட்கார்ந்தாள். எழுந்தாள்.
உட்கார்ந்த இடத்தை ஒருமுறை தடவிவிட்டு
அந்தக் கையைக் கண்ணாடியில் விரித்து
எனக்குக் காட்டினாள்.
அப்போது பார்த்து வண்டி நகர்ந்தது.

படம் கலங்கிவிட்டது.
புழுதி, கண்ணாடி, வெளிறிய ஓர் உள்ளங்கை.
'விடைபெறும் பெண்' என்று
தலைப்பிட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

அவள் விடைபெறவில்லை.
காய்ந்திருக்கிறது பார், என்றாள்.