தொண்ணூறாம் எண் எண்ணெய்

டொல்கெத்லி போகும் சாலையில், கல்பாலம் தாண்டிய வளைவில்
பிடியைத் தளர்த்தினேன்.
வண்டி வளைந்தபடியே போயிற்று.

எந்த வண்டியும் வளைவு முடிந்தால்
தானாக நேருக்கு வரும்,
இழுத்துவிட்ட கதவு சாத்திக்கொள்கிற மாதிரி.
இது வரவில்லை.
நான் பிடித்துத் திருப்பியபோது
கல்வேலிக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.
வேலிக்கு அப்பால் ஓர் ஆடு
மெல்லுவதை நிறுத்தாமல் பார்த்தது.

எழுபத்திரண்டாம் வருடத்து ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்.
கடுகு நிறம்; அதாவது
துரு விட்டுவைத்த இடங்களில் கடுகு நிறம்.
பகலெல்லாம் நான் ஓட்டுவது பள்ளிப் பேருந்து.
அதன் ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் சுற்றலாம்,
ஐம்பத்து மூன்று பிள்ளைகளும் ஈரக் கோட்டு வாசனையும்
ஒன்றாகத் திரும்பும்.
இது இரண்டு பேர் வண்டி.
எலினெட் ஒரு முறை ஏறினாள், இறங்கினாள்.
ஆகவே ஒருவர் வண்டி.

டயரில் காற்று குறைவு என்றாள் நெரிஸ்.
பக்கத்து வீடு. எதற்கும் காற்றுதான் காரணம் அவளுக்கு.
காற்று அடித்தோம்.
ரேக்கைத் தாங்கும் ரப்பர் என்றான் அவள் தம்பி ஐவர்.
அதுவும் எண்ணெய் குடித்து அழுகிய பழமாகத்தான் இருந்தது.
மாற்றினேன். செலவு:
இரண்டு ஞாயிறு, ஒரு நகம்.
வண்டி மறுபடி வளைந்தபடியே போயிற்று.

பிறகு பழிபோட ஆள் தேடினேன்.
எனக்கு விற்ற ஷ்ரூஸ்பரி பல் மருத்துவர்,
கை குலுக்கும்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
அவருக்கு முந்தியவர்
பதிவுப் புத்தகத்தில் வெறும் கிறுக்கல்.
கிறுக்கலைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறு மழை.
தகரக் கூரை யாரையும் பேசவிடவில்லை.
முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி,
ரேக்கிலிருந்து சக்கரங்களைப் பிரித்து,
ஒவ்வொன்றையும் தனியாகத் திருப்பினேன்.
வலது வந்தது.
இடது
பாதி தூரம் வந்து
யோசித்தது.

சக்கரத்தின் அடியில் ஒரு பித்தளைத் துண்டு உண்டு,
முழங்கால் சில்லு அளவு. ட்ரனியன் என்பார்கள்.
அதன் மரைக்குள் ஓர் எஃகுத் தண்டு நின்று திரும்புகிறது.
வண்டியின் பாரம், என் உயிர், எல்லாம் அந்த மரையில்.
கழற்றினேன்.
மேலே கிரீஸ், பழைய மெழுகாய்க் கெட்டித்து.
கீழ் மரைகளில் ஒன்றுமில்லை.
காய்ந்த எஃகு. அதன் ஓரத்தில்
மயிரிழை விரிசல்.

நெரிஸ் டார்ச்சை அருகே கொண்டுவந்தாள்.
கையேட்டை அவள்தான் வாசித்தாள்,
இரண்டாம் முறை மெதுவாக:
இங்கே கிரீஸ் கூடாது. எண்ணெய்.
தொண்ணூறாம் எண் கியர் எண்ணெய்.

கிரீஸ் அடித்தது யார் என்று அவள் கேட்கவில்லை.
சுவரில் தொங்கியது கிரீஸ் துப்பாக்கி,
பிடியில் என் பெயரின் முதலெழுத்து,
நானே சூட்டுக்கம்பியால் பொறித்தது.
பதினோரு வருடம்.
ஈஸ்டருக்கு முந்தின ஒவ்வொரு சனிக்கிழமையும்
முழங்காலிட்டு, பிதுங்கும்வரை அடித்தேன்.
வண்டியைப் பிள்ளைபோல் பார்க்கிறான் என்றார்கள்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.
அளவு மிஞ்சவில்லை.
அமிர்தம்தான் வேறு.

புதுத் தண்டு, புதுப் பித்தளை வந்தன,
அஞ்சலில், ஒரு செருப்புப் பெட்டிக்குள்.
அதே துப்பாக்கியைக் கழுவி எண்ணெய் நிரப்பினேன்.
எண்ணெய் தங்காது. சொட்டும்.
சொட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

காலையில் பேருந்துக்குப் போகுமுன்
குனிந்து தரையைப் பார்க்கிறேன்.
ஒழுகுகிறதே என்கிறாள் எலினெட் ஜன்னலிலிருந்து.
ஒழுகுகிறது என்கிறேன்.
இதைவிட நல்ல செய்தி
அவளுக்குச் சொல்லி நாளாகிவிட்டது.

கல்பாலம் தாண்டிய வளைவில்
நேற்று விரல்களைத் திறந்தேன்.
முழுதாக அல்ல,
வளையத்துக்கும் உள்ளங்கைக்கும் இடையே
ஒரு தாள் நுழையும் அளவு.
வளையம் தோலை உரசியபடி
நேருக்கு வந்தது.

ஆடு இருந்ததா என்று பார்க்கவில்லை.