நிலையம் பதினொன்று

ஏப்ரல் முடிகிறது. சிஸ்கியூ மலையின் வடசரிவில்
தடி ஏற்றும் பாதை இன்னும் பனிச்சேற்றில் கிடக்கிறது.
வண்டியை அணைத்தபின் இரண்டு நிமிடம் பேசக் கூடாது.
இன்ஜின் ஆறும் டிக் டிக் அடங்க வேண்டும்,
ஜாக்கெட் சரசரப்பு அடங்க வேண்டும்,
காது தன் பாட்டுக்குச் சரிவிறங்க வேண்டும்.

பிறகு நான் குழறுகிறேன்.
நான்கு சுரம். ஒன்று,
இடைவெளி,
ஒட்டி இரண்டு, கடைசியில் இழுத்து ஒன்று.
ஒலிபெருக்கி இருக்கிறது, குளிரில் அதன் பேட்டரி செத்துவிடும்.
தொண்டை கம்மிப்போகும், அவ்வளவுதான்.

பத்து நிமிடம்.
கெய்ல் கடிகாரம் பார்க்கிறாள்.
உள்ளங்கையில் பொத்திய சிவப்பு விளக்கில்
அவள் விரல்கள் கனிந்த கரித்துண்டுகள்.
பதில் இல்லை.
படிவத்தில் ஒரு பூஜ்யம்.
காலியாக விட்டால் நாங்கள் வரவில்லை என்று பொருள்.
பூஜ்யம் என்றால் வந்தோம், நின்றோம்,
காடு இருந்தது.

பின்னிருக்கையில் மரத்தூள் பெட்டி, ஐந்து வெள்ளெலிகள்.
பெயர் வைக்காதீர்கள் என்றார் பயிற்சியில் ஆர்வில் டன்னிங்.
கெய்ல் கிழமைகளை வைத்தாள்.
திங்களை முதல் வாரமே கொடுத்தோம்,
பாசி பிடித்த கட்டையின் நுனியில்.
புள்ளி ஆந்தை இறங்கி வந்தது.
என் காதோரம் காற்று அசைந்தது, ஓசை அசையவில்லை.
அங்கேயே தின்றால் அது தனி.
கிளையிடுக்கில் ஒளித்துவைத்தாலும் தனி.
கவ்விக்கொண்டு பறந்தால்
எங்கோ ஒரு பொந்து, பொந்தில் ஒரு பெண், அவளடியில் முட்டை;
முகத்தால் சிலந்திவலை கிழித்தபடி
பின்னாலேயே நாங்கள் ஓட வேண்டும்.
ஓடத் தயாராக நின்றோம்.
அது திங்களை விழுங்கியது. வால் கடைசியாகப் போனது.
அப்புறம் எங்களைப் பார்த்தது,
செவ்வாய் எங்கே என்பதுபோல்.

அதன்பின் பத்தொன்பது இரவு, பூஜ்யம்.

இன்று நிலையம் பதினொன்று, மணி பதினொன்று நாற்பது.
என் மூன்றாவது குழறலுக்கு
ஓடைக்கு அப்பாலிருந்து நான்கு சுரம்.
கெய்ல் என் தோளைப் பிடித்த பிடி நாளைக்குக் கன்றியிருக்கும்.
திசைமானி: இருநூற்றுப் பதினான்கு.
எலிப்பெட்டியை மார்போடு அணைத்து இறங்கினோம்.
நான் கூப்பிட, அது கூப்பிட,
ஒவ்வொரு முறையும் கிட்டத்தில், கிட்டத்தில்,
கொஞ்சம் ஆவலாகவேகூட.

ஓடைக்கரையில் இன்னொரு சிவப்பு விளக்கு.

மரக் கம்பெனியின் ஆள். பெயர் லைல் ப்ராம்லெட்.
தாடியில் ஈரம், கையில் ஒரு எலிப்பெட்டி.
மூன்று பேரும் வெகுநேரம் சிரிக்கவில்லை.
"உன் கடைசிச் சுரம் நிஜம்போல் இருக்கிறது," என்றார்.
"வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்."
பிளாஸ்கைத் திறந்தார். காபி ஆறியிருந்தது, குடித்தோம்.
தவறான பதிவை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு
ஓரத்தில் கையெழுத்திட வேண்டும்.
அவர் படிவத்தில் அவர், எங்களதில் கெய்ல்.

அப்போதுதான் மேலே, டக்ளஸ் மரங்களுக்குள்ளிருந்து
எட்டுச் சுரம். முடிவில் ஒரு வழுக்கல்.
பட்டை ஆந்தை.
கிழக்கிலிருந்து கண்டம் தாண்டி வந்தது,
பருமனாக, பசியோடு, கூச்சமில்லாமல்.
அது கத்தும் சரிவில்
நம் பறவை இருந்தாலும் வாய் திறக்காது.

லைல் தலையைக் குனிந்துகொண்டார்.
நான் எழுதிய பூஜ்யங்களை எண்ணிப் பார்த்தேன்,
எதெல்லாம் இல்லாமை,
எதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு
மரப்பட்டையோடு மரப்பட்டையாக ஒட்டி உட்கார்ந்தது?

கெய்ல் திசையைக் குறித்துக்கொண்டாள்.
பெட்டியில் வியாழன் மரத்தூளைக் கிளறும் சத்தம்.
அடுத்த நிலையம் எண்ணூறு மீட்டர், ஏற்றம்.
தொண்டையைச் செருமினேன்.
இனி கூப்பிட்டால்
யாருக்குக் கேட்கும் என்று தெரிந்த தொண்டை.