இரண்டு விரல் மிச்சம்

நாங்கள் போய்ச் சேருமுன்பே
என்ஜின் சூடாக இருந்தது.
பானட்டில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது.
"காலையில ரெண்டு லோடு மண்ணு அள்ளினோம்" என்றார்
சூளைக்காரர்.
ராத்திரி மழையில் முற்றமெல்லாம் சேறு.
டயர் பட்டைகளின் இடுக்கில்
காய்ந்த மண்தான் இருந்தது.

"ஆறட்டும்" என்றேன்.
"ஆறின பிறகு நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கேன்."

ஆரல்வாய்மொழிக் காற்று
பேசுகிற விலையில் பாதியைப் பறித்துக்கொண்டு போனது.
புரோக்கர் தாணுலிங்கம் வேட்டியை ஒரு கையால் பிடித்து
மறுகையில் மணி பார்த்தார்.
அவருக்கு இது மூன்றாவது ஞாயிறு.

மார்த்தாண்டத்தில் பார்த்த வண்டி
மணப்பெண் மாதிரி நின்றது.
போல்ட்டின் தலையிலும் நீலம்
ஹோஸிலும் நீலம்
கிரீஸ் நிப்பிளிலும் நீலம்.
நிப்பிளுக்குப் பெயிண்ட் அடித்தவன்
அதற்குக் கிரீஸ் அடித்திருக்க மாட்டான்.

பூதப்பாண்டியில் பார்த்தது நல்ல வண்டி.
நிஜமாகவே நல்ல வண்டி.
என் கயிறு அதை வேண்டாமென்றது.

துணி காயப்போடுகிற கொடிக்கயிறுதான்.
எங்கள் வாய்க்கால் பாலத்தில்
இந்தக் கைப்பிடிச் சுவருக்கும் அந்தக் கைப்பிடிச் சுவருக்கும்
அளந்து முடிச்சுப் போட்டது.
பின் டயர்களுக்குக் குறுக்கே பிடித்தால்
முடிச்சுக்கு வெளியே ஒரு சாண் டயர்.
"பாலத்த இடிச்சுக் கெட்டுங்கோ" என்றார் விற்கிறவர்,
வாய்க்காலும் என் பெயரில் இருப்பதுபோல.

பதினோரு மாட்டின் சாணம் குழிக்குப் போகவேண்டும்
காற்றில் சாய்ந்த வாழை
தொண்டுக் குவியல்
தவிட்டு மூட்டை.
இத்தனை வருடம் இவை
ராஜப்பனின் தலையிலும் என் இடுப்பிலும் போயின.
குடலிறக்கத்துக்கு ஆசாரிப்பள்ளத்தில் ஆபரேஷன் முடிந்து வந்தவர்,
பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்ற சீட்டை
மருந்துக் கடையில் கொடுக்கவில்லை.
என்னிடம் கொடுத்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன்.
ஒரே திருப்பு.
கறுப்பாய் ஒரு தும்மல், பிறகு புகையே இல்லை.

பக்கெட்டில் ஈரக் களிமண் நிரப்பி
தலைக்கு மேல் தூக்கி
என்ஜினை அணைத்தேன்.
அதன் விளிம்புக்கு நேராக, பக்கத்துத் தூணில்
சாக்குக்கட்டியால் ஒரு கோடு.
அப்புறம் எல்லாரும் டீ குடித்தோம்.

மணிக்காட்டி நாலாயிரத்தில் நின்றுபோயிருந்தது,
எந்த வருடமென்று யாருக்கும் தெரியாது.
வெல்டிங் தழும்பு இரண்டு, பழையவை.
முன் டயர் மொட்டை.
ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் வங்கியின் பெயர்.

டிரைவர் மாசானம் என் பின்னால் வந்து நின்றான்.
முதலாளிக்குக் கேட்காத குரலில்,
"இடது சிலிண்டரு சீல் போச்சு. தூக்கும். நிக்காது."
பிறகு காதிலிருந்த பீடியை எடுத்துக்கொண்டு
ஒன்றும் சொல்லாதவன் போல நடந்துவிட்டான்.

அரைமணிக்கு நாலு விரல் இறங்கியிருந்தது.
"நாலு வெரலுதானே!" என்றார் தாணுலிங்கம்.
நான் ஒரு விரலுக்குப் பத்தாயிரம் குறைத்தேன்.
மொட்டை டயருக்கு வேறு.
என்.ஓ.சி. வந்த பிறகுதான் மீதி.
சூளைக்காரர் காற்றாலையைப் பார்த்தார்
காற்றாலை தலையாட்டவில்லை, சுற்றியது.
கடைசியில் அவர்தான் ஆட்டினார்.

மூன்றாம் வாரம், என்.ஓ.சி.யோடு
அருமனைக்கு வந்து சேர இருட்டிவிட்டது.
ஓட்டிவந்தவன் மாசானம்.
பாலத்தின் மறுமுனையில் டார்ச்சோடு ராஜப்பன்,
"வா... வா... சவம், வலத்த ஒடி... வா!"
இந்தப் பக்கம் இரண்டு விரல்
அந்தப் பக்கம் இரண்டு விரல்.
நான் மூச்சு விட்டது
வண்டி தொழுத்தை எட்டிய பிறகுதான்.

களைப்பில்
பக்கெட்டை இறக்கிவைக்க மறந்துபோனேன்.

விடியற்காலை கறவைக்கு வந்தபோது
அது தானாக இறங்கித் தரையில் படுத்திருந்தது.
அதன் உதட்டில் உட்கார்ந்து
கட்டன்சாயை ஊதிக்கொண்டிருந்தார் ராஜப்பன்.
"ரோஸ்லெட்டக்கா,
இதுக்கும் டாக்டரு சீட்டு எழுதியிருக்கான் போல."