காலி

கேசட் என்றால் எல்லோரும் உருகுகிறார்கள்.
பென்சிலால் நாடா சுற்றிய கதையை
என்னிடம் சொல்லாதீர்கள்.

மினிடிஸ்க் என்றால்
‘ஃபிளாப்பியா?’ என்று கேட்கிறார்கள்.
லேமிங்டன் ரோட்டில் ஃபிரோஸ் மட்டும்
சிரிக்காமல் ரப்பர் வார் மாற்றித் தருவான்.

எழுபத்துநாலு நிமிடம்.
ஆயிரம் முறை அழித்தாலும் இரைச்சல் சேராது.
சயான் ஸ்டேஷன் அறிவிப்பை நடுவில் வெட்டி
மழையை அதற்கு முன்னால் நகர்த்தலாம்,
ரயிலில் நின்றபடியே,
ஒற்றைக் கட்டைவிரலால்.

ஒரு குறை, ஒத்துக்கொள்கிறேன்.
நிறுத்திய பிறகுதான்
எந்த ஒலி எங்கே என்று குறித்துக்கொள்ளும்.
அதற்குள் பேட்டரியைப் பிடுங்கினால்
எல்லாம் உள்ளே இருக்கும்,
இருப்பது அதற்கே தெரியாது.

‘எனக்குக் குறட்டையே கிடையாது’ என்ற தயாநிதியை
ஓர் இரவு பதிந்தேன்.
நாற்பதாவது நிமிடம் எழுந்தார்.
வெஸ்ட் இண்டீஸில் மேட்ச்.
ரிமோட்டுக்குப் பேட்டரி இல்லை.
என் தலைமாட்டில் இருந்தது.

இப்போது பன்வேலில்
வேறொருத்தியிடம் மறுத்துக்கொண்டிருப்பார்.

தட்டு என்னிடம்தான் இருக்கிறது.
தகர மூடியை நகர்த்தி
ட்யூப்லைட்டில் சாய்த்துப் பார்க்கிறேன்,
நாற்பது நிமிடம்
எந்த வளையத்தில் படுத்திருக்கிறதென்று.

உள்ளே போட்டால்
‘காலி’ என்கிறது மெஷின்.

இதுவும் அவர் கட்சி.